மேற்குச் சுவர் நனையாத சாரல்

"ஏனுங்க மொதலாளி, ப்ளாண்ட்டை நிறுத்துங்க."

குழந்தையம்மாள் இதைச் சொன்னபோது முதலாளி சீனிவாசலு நாயுடு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் நின்ற மானேஜர் சென்னகேசவன், இழவுச் சேதி கேட்டவர் போலக் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் பொத்தியது வீண். பொத்த வேண்டிய வாய் வேறு.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே சென்னகேசவன் அவளை லேப் வாசலில் நிறுத்தி வைத்துப் புத்தி சொல்லியிருந்தார். "லீவு கேளுங்க. நாற்காலி கேளுங்க. பொம்பளைங்களுக்குத் தனி கக்கூஸ் கேளுங்க, தப்பே இல்லை. 'நிறுத்துங்க'ங்கற வார்த்தை மட்டும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரப்படாது அம்மணி. வந்துச்சுன்னா நீங்க பி.எஸ்ஸி. படிச்சவங்களா, பீடி சுத்தறவங்களான்னு மொதலாளி பாக்க மாட்டாரு."

காரணம் பழையது. சீனிவாசலு நாயுடு முதன்முதலில் வைத்த பஞ்சு அரவை மில்லை ஒரு நாள் பழுது பார்க்க நிறுத்தினார்கள். அது அப்புறம் ஓடவே இல்லை. அதிலிருந்து அவருடைய இயந்திரங்கள் நிற்பதில்லை, இளைப்பாறும். "மிக்சர் இளைப்பாறுதுங்க" என்று ஆள் வந்து சொல்வான். "பம்பு எப்ப இளைப்பாறுச்சு?" என்று அவர் கேட்பார். அவருடைய கார் டிரைவர்கூட வீட்டு வாசலில், "வண்டிய இளைப்பாற உடட்டுங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். புதிதாக வந்த வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், கம்பெனி முழுக்க வயசான மாடுகளை வைத்து நடத்துகிறார்கள் என்று நினைப்பார்கள்.

இந்தப் பாடத்தைக் குழந்தையம்மாள் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மனப்பாடம் செய்வதில் அவள் கெட்டிக்காரி. அதை வைத்துத்தான் தொண்டாமுத்தூர்ப் பக்கத்து வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாக, கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினாள். பட்டம் வாங்கியதில் கூடியது அறிவா குரலா என்பதில் மட்டும் அவளுக்கே சந்தேகம் உண்டு. பஸ் கண்டக்டரோடு, போஸ்ட்மேனோடு, "கொழந்தைன்னா பேரு?" என்று சிரித்தவர்களோடு, சிரிக்காதவர்களோடு என்று சண்டையில் அவள் யாரையும் பிரித்துப் பார்த்ததில்லை.

"என்னத்தை அம்மணி செய்யச் சொன்னீங்க?" என்றார் முதலாளி. தமக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு, வார்த்தையை மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்.

"நிறுத்தச் சொன்னேனுங்க."

சந்தர்ப்பங்களை அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

*

விஷயம் இதுதான். உக்கடம் தாண்டிப் பாலக்காட்டு ரோட்டில் இருந்தது அந்தக் கம்பெனி. சீனாக்காரன் சண்டை முடிந்து, விளைச்சலைக் கூட்டு விளைச்சலைக் கூட்டு என்று ரேடியோ தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த வருஷம். பாறைப் பொடியில் கந்தக அமிலத்தை ஊற்றிக் கலக்கினால் உரம் கிடைக்கும். கூடவே கண்ணையும் மூக்கையும் அரிக்கிற ஒரு புகையும் கிடைக்கும். உரத்தை மூட்டை கட்டலாம், புகையை என்ன செய்வது? அதைக் குளிப்பாட்டி அனுப்ப ஒரு டவர் இருந்தது. அடியில் ஒரு ஃபேன், கலக்குகிற கொட்டகையிலிருந்து புகையை உறிஞ்சி உள்ளே தள்ளும். உச்சியிலிருந்து பூவாளி மாதிரி தண்ணீர் தெளிக்கும். புகை தண்ணீருக்குள் புகுந்து, அழுக்கைத் தண்ணீரிடம் விட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக மேலே போய்ப் புகைக்கூண்டு வழியாக வெளியேறும். கீழே விழுந்த தண்ணீரை பம்பு திரும்ப மேலே ஏற்றும். ஆட்கள் அந்த டவருக்கு வைத்த பெயர் குளிப்பாட்டி.

கம்பெனிக்குக் கிழக்கே, ஒரு சந்து தாண்டி, உம்மல் குல்சும் என்கிற அம்மாளின் சாயப் பட்டறை. நெசவாளர் சொசைட்டியிலிருந்து நூல் வாங்கி, சாயம் முக்கி, முற்றத்தில் மூங்கில் கழிகளில் உலர்த்தித் திருப்பிக் கொடுப்பது தொழில். புருஷன் போன பிறகு பட்டறையை அவர் ஒருத்தராகவே நடத்தினார். கை இரண்டும் முழங்கை வரை எப்போதும் ஒரு நிறத்தில் இருக்கும். திங்கட்கிழமை பச்சை என்றால் வியாழக்கிழமை அரக்கு.

ஆனி பிறந்து காற்று கிளம்பியதும் ஒரு நாள் அந்த அம்மாள் ஒரு கற்றை நூலைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வந்துவிட்டார். முற்றத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு இழையைப் பிடித்து இழுத்தார். சத்தமே இல்லாமல் அறுந்தது. இன்னொரு இழை. அதுவும்.

"நூலா இது? வெந்த சேமியாவாட்டம் இருக்குது. உங்க கூண்டுலருந்து என்னமோ தெறிக்குது சாமி. பொழுதுக்கும் தெறிக்குது. சொசைட்டிக்காரன் எம்மேல பாயறான், பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டீட்டேன்னு. நான் ஏன் நூல்ல கொட்டறேன், கொட்டறதா இருந்தா அவன் தலையில கொட்ட மாட்டேனா?"

சென்னகேசவன் வானத்தைப் பார்த்தார். முதலாளி சென்னகேசவனைப் பார்த்தார். அந்த நேரத்தில் யாரும் கேட்காமலே ஒரு குரல் எழுந்தது. வேறு யாருடைய குரலாக இருக்கும்?

"அது சாரலுங்க" என்றாள் குழந்தையம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

"பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள காத்து பூந்தா இந்த மாசம் பூராச் சாரல்தான். நான் தொண்டாமுத்தூர்க்காரி. எங்கூர்ல இதைய விடப் பத்து மடங்கு தெறிக்கும். மலையடிவாரத்துல பொறந்தவளுக்குச் சாரல் தெரியாதுங்களா? நூலை ஈரத்துல போட்டுவெச்சா இத்துத்தான் போகும். கொட்டாய்க்குள்ள ஒணத்துங்க."

கெமிஸ்ட்ரி பட்டதாரி பேசியிருந்தால் தண்ணீரைப் பிடித்துச் சோதித்துப் பார்த்திருப்பாள். பேசியது தொண்டாமுத்தூர்க்காரி. ஊர்ப் பெருமைக்குச் சோதனைக் குழாய் தேவைப்படவில்லை.

உம்மல் குல்சும் அவளை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச புள்ளை சொல்றே. அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குழந்தையம்மாள் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

"சாரல்" என்ற வார்த்தை அன்றிலிருந்து கம்பெனியில் சட்டமாகிவிட்டது. சந்தில் போன ஆட்களின் சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தால், "சாரலுங்க" என்றார்கள். முதலாளியின் காரில் பெயிண்ட் உரிந்தபோதும் சாரல்தான். அந்த வட்டாரத்தில் மட்டும் வானம் பெயிண்ட் உரிக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உறைக்க வேண்டியவள் குடைக் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

குடைச் சண்டை தனிக்கதை. முதல் சம்பளத்தில் ஒப்பணக்காரத் தெருவில் வாங்கிய கறுப்புக் குடை, இரண்டே வாரத்தில் மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஆகிவிட்டது. விடுவாளா? கடை வாசலில் நின்று, "பழைய துணியில சாயம் போட்டு ஏமாத்தறீங்க" என்று தெருவே கூடுகிற மாதிரிக் கத்தினாள். கடைக்காரர் அமீர் ஹம்சா சாது. "அம்மணி, இருவது வருசமாக் குடை விக்கறேன், மழையில ஓட்டையான குடையை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். ஆனாலும் புதுக் குடை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நியாயம் ஜெயித்தது என்று அவள் பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் நியாயத்திலும் ஓட்டை விழுந்தது.

இரண்டாவது குடையை விரித்துப் பிடித்தபடி சந்தில் நின்றபோதுதான், முதல்முறையாக, அவள் கத்துவதற்கு முன்னால் யோசித்தாள். அமிலம் பட்டுக் காய்ந்த பருத்தி பொடிந்துபோகும். முதல் வருஷப் பாடம். அதில் அவள் வகுப்பிலேயே முதல் மார்க்.

நிமிர்ந்து பார்த்தாள். சந்தின் ஒரு பக்கம் கம்பெனியின் கிழக்கு மதில். அது மேலிருந்து கீழ்வரை நனைந்து, சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. விறுவிறுவென்று கம்பெனியைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனாள். காற்று பாலக்காட்டிலிருந்து நேராக முகத்தில் அறைந்தது. மேற்கு மதில் காய்ந்து கிடந்தது. பல்லி ஒன்று அதில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சாரல் மேற்கேயிருந்து வரும். மேற்குச் சுவரில் அடிக்கும். தொண்டாமுத்தூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் மேற்குச் சுவருக்கு மட்டும் வருஷா வருஷம் பனையோலைத் தட்டி கட்டுவார்கள். கட்டுகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளே இவள்தான். அப்படிப்பட்ட மலையடிவாரத்து நிபுணி, மேற்குச் சுவர் நனையாத ஒரு சாரலைக் கண்டுபிடித்து ஊருக்கே அறிவித்திருக்கிறாள்!

அந்தப் பல்லி சிரித்திருந்தால்கூட அவள் கோபப்பட்டிருக்க மாட்டாள்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றால் லேபில் லிட்மஸ் உதவாது. அந்தக் கம்பெனிக் காற்றில் நீல லிட்மஸ், டப்பாவைத் திறந்ததுமே வெட்கப்பட்டுச் சிவந்துவிடும். ஆகவே வெள்ளைத் துணிக்குப் போடுகிற சலவை நீலத்தைக் கரைத்து இரண்டு துண்டுத் துணிகளை நனைத்தாள். அமிலம் பட்டால் அந்த நீலம் செத்துப்போகும். ஒன்றை மேற்கு மதிலிலும் ஒன்றைக் கிழக்கு மதிலிலும் கட்டினாள். சாயங்காலம் பார்த்தால் மேற்குத் துணி கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி நீலமாக இருந்தது. கிழக்குத் துணிக்கு அம்மை போட்டிருந்தது.

சரி, குளிப்பாட்டியிலிருந்துதான் துளி பறக்கிறது. ஏன் பறக்கிறது? தண்ணீர் ஜாஸ்தி என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டுவதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே. வால்வைப் பாதி மூடச் சொன்னாள். நிறுத்தச் சொல்லவில்லை என்பதால் சென்னகேசவனும் தலையாட்டினார். அரை மணியில் குளிக்காத புகை கும்மென்று கூண்டிலிருந்து இறங்கி ஆபீசுக்குள் வந்தது. குமாஸ்தாக்கள் முந்தானை இல்லாத குறைக்கு வேட்டி நுனியால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினார்கள். சென்னகேசவன் கண்ணில் தாரை தாரையாக நீர்.

"ஏனுங்க அம்மணி, சம்பளம் வாங்கறது ஒரு ஊடு, எழவு விசாரிக்கறது ஒரு ஊடுன்னு இருக்கோணுமில்ல? ரெண்டையும் ஒரே ஊட்டுல ஆக்கிப்போட்டீங்களே!"

வால்வைத் திறந்துவிட்டாள். புடவையைச் சொருகிக்கொண்டு டவர் ஏணியில் ஏறினாள். கீழே வேலை செய்துகொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். அவ்வளவு மரியாதையில் ஒருவன் தலை சுவரில் முட்டிக்கொண்டது.

மேலே ஜன்னல் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் கீழே சரியாக விழவே இல்லை. தெளிக்கிற துளியில் முக்கால்வாசி, அந்தரத்திலேயே தயங்கி, திரும்பி, மேலே போய்க்கொண்டிருந்தது. புகை அந்த வேகத்தில் வந்தது. மெதுவாய் வந்தால் துளி தன் கனத்தில் கீழே விழும். வேகமாய் வந்தால் துளியையும் தூக்கிக்கொண்டு கூண்டுக்கு வெளியே போய்விடும். ஃபேன் ஏன் இந்த ஓட்டம் ஓடுகிறது?

ஏணியில் பாதி இறங்கும்போது ஞாபகம் வந்தது. கையை விட்டுவிடாமல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வைகாசியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், கலக்குகிற கொட்டகையில் ஆட்கள் இருமுவதைப் பார்த்துவிட்டு மானேஜர் மேஜையைத் தட்டியவள் யார்? "ஃபேனு தூங்கி வழியுது. மோட்டார்ல பெரிய புல்லிச் சக்கரமா மாட்டி வேகமா ஓட்டுங்க. இதுகூடத் தெரியாமத்தான் கம்பெனி நடத்தறீங்களா?" என்று கேட்டவள்? கேட்டது கிடைத்தது. பெரிய புல்லி மாட்டினார்கள். கொட்டகையில் இருமல் குறைந்தது. ஆட்கள் கும்பிட்டார்கள். அவளும் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கும்பிடுதான் இப்போது சந்தைத் தாண்டிப் போய் உம்மல் குல்சுமின் நூல்மேல் துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தது.

*

"அப்ப நிறுத்தி என்ன பண்ணோணுங்கறீங்க?" என்றார் முதலாளி. அந்த வார்த்தையைத் தம் வாயாலேயே சொல்லிவிட்டதை உணர்ந்து மேஜை மரத்தை அவசரமாகத் தொட்டுக்கொண்டார்.

"பழைய புல்லியை மாட்டுனா ஆளுக இருமுவாங்க. அதனால புல்லி இருக்கட்டுங்க. கூண்டுக்குக் கீழே, டவர் கழுத்துல, மரச் சட்டத்தை வளைச்சு வளைச்சு வரிசையா அடுக்கோணும். காத்து வளைஞ்சு வளைஞ்சு போயிரும். துளிக்கு வளையத் தெரியாது. நேராப் போயிச் சட்டத்துல முட்டி, வழிஞ்சு கீழ எறங்கிரும்."

சொல்லும்போதே, வளையத் தெரியாமல் நேராகப் போய் முட்டுகிற அந்தத் துளியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. சென்னகேசவனுக்கும் இருந்திருக்க வேண்டும். கைக்குட்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது.

"டவருக்குள்ள ஆளு எறங்கி வேலை செய்யோணும். ஓட்டிக்கிட்டே செய்ய முடியாதுங்க. ஒரு வாரம்."

"ஆடி வெதைப்பு வருதுங்க அம்மணி. காங்கேயம், தாராபுரம்னு ஒட்டுக்கா வண்டி கட்டிட்டு வந்து கேட்டுல நிக்கறாங்க. இப்பப் போயி..." முதலாளி சத்தம் போடவில்லை. அவருக்குச் சத்தம் போடத் தெரியாது. அதுதான் கஷ்டம். கத்துகிறவரிடம் அவளும் கத்தலாம். "நீங்க சொல்றது ஞாயம். இல்லைங்கல. ஐப்பசி தாண்டட்டும், நானே செஞ்சு குடுக்கறேன். அதுவரைக்கும் ஒரே ஒரு ஒத்தாசை."

ஒத்தாசை என்னவென்று அவளுக்குத் தெரியும். சொசைட்டிக்காரர்கள் அன்றைக்குப் பிற்பகல் பட்டறைக்கு வருகிறார்கள். நூல் ஏன் இற்றுப்போகிறது என்று பார்த்து, குல்சுமுக்கு இனி நூல் கொடுப்பதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு சொல்லப் போகிறார்கள். நூல் நின்றால் பட்டறை அன்றோடு மூடல்.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. சாரல்னு. அதையவே ஒருக்கா அங்க வந்து சொல்லிப்போடுங்க. உங்க மேல அந்தம்மாவுக்கே நம்பிக்கை. படிச்ச புள்ளைன்னு. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலீங்க. நீங்க சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லச் சொல்றேன்."

"சீஃப் கெமிஸ்டுன்னு போர்டு எழுதச் சொல்லியிருக்குது" என்றார் சென்னகேசவன் மெதுவாக. "குழந்தையம்மாள், பி.எஸ்ஸி. இங்கிலீஷ்லயும் தமிழ்லயும்."

குழந்தையம்மாள் ஒரு நிமிஷம் அந்தப் போர்டைப் பார்த்தாள். இல்லாத போர்டு, ஆனாலும் நன்றாகவே தெரிந்தது. தொண்டாமுத்தூரிலிருந்து அப்பன் வெங்காய வண்டியில் வந்து அதன் அடியில் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பதுகூடத் தெரிந்தது. அவர் முதலில் "பி" வரையில்தான் படிப்பார், பிறகு அழுவார்.

அவள் சொன்ன வார்த்தை. அவள் மாட்டச் சொன்ன புல்லி. இதில் கோபப்பட்டு மேஜையைத் தட்ட யாருமே மிச்சமில்லை. அவளுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு சங்கடம் வந்ததே இல்லை.

வெளியே சந்துப் பக்கம் சைக்கிள் மணிச் சத்தமும், "நூலை எங்கீங்க காயப் போடறீங்க?" என்று யாரோ கேட்பதும், "வானத்துலயா போட முடியும், இங்கதான்" என்று உம்மல் குல்சும் சொல்வதும் கேட்டது.

"வந்துட்டாங்க போல" என்றார் முதலாளி. "போயிட்டு வாங்க அம்மணி. ஒரே ஒரு வார்த்தை."

"போறேனுங்க." மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டாள். ஜன்னலில் காயப் போட்டிருந்த இரண்டு நீலத் துணிகளையும் மடித்து இடுப்பில் சொருகினாள். "ஆனா ஒரு வார்த்தைக்கு முடியாதுங்க. சாரல்னு ஒரே வார்த்தையில சொல்லிப்போட்டேன். இல்லீன்னு சொல்றதுக்கு நாலஞ்சாவது வேணும். அந்தம்மா நடுவுல நடுவுல வைவாங்க. அதுக்கு வேற நேரம் உடோணும்."

முதலாளி ஆறிப்போன காப்பியை மறுபடியும் ஆற்றத் தொடங்கினார்.

சென்னகேசவன் வாசல் வரை பின்னாலேயே வந்தார். "அம்மணி, ரோசனை பண்ணுங்க. இப்பச் சந்துக்குள்ள போனீங்கன்னா, திரும்பி இந்தக் கேட்டுக்குள்ள வர முடியாது. ரெஜிஸ்டர்ல என்னன்னு நான் எழுதிக்கட்டும்? வேலையை நிறு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

"கெமிஸ்டு இளைப்பாறுதுன்னு எழுதிக்குங்க" என்றாள்.

கேட்டைத் தாண்டினால் மேற்கே பஸ் ஸ்டாப், கிழக்கே சந்து. அவள் கிழக்கே திரும்பி, ஓட்டைக் குடையை நன்றாக விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் துளி நேராக நெற்றியில் விழுந்தது. துடைக்காமல் போனாள்.